முகத்து எண்ணெயும் பவுடரின் நிறமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காப்பி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

என் பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: "டீச்சர், நீங்கள் எதை எடுத்தாலும் வரலாறு சொல்கிறீர்கள். என் பெண்ணுக்கு எண்ணெய் வழிகிற முகம். கல்லூரிக்குப் போகிறாள். என்ன மேக்கப் வாங்குவது, எப்படிப் போடுவது? இதற்கும் வரலாறு இருக்கிறதா?" விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் தேடிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாகிக்கொண்டே வந்தது. முகத்தில் இருக்கும் எண்ணெயை எடுப்பது ஒரு வேலை, முகத்தின் நிறத்தை மாற்றுவது வேறு வேலை. பவுடர் வியாபாரம் இந்த இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு அடைத்துவிட்டது. அவற்றைப் பிரிப்பதற்குள் நூறு வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டன.

முதலில் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். தோலுக்கு அடியில், முடிக்கால்களை ஒட்டி, சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை சுரப்பதுதான் சீபம் என்ற எண்ணெய். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இந்தச் சுரப்பி கிடையாது. நெற்றி, மூக்கு, தாடை ஆகிய இடங்களில் நெருக்கமாக இருக்கிறது. அதனால்தான் கன்னம் காய்ந்திருக்கும்போதே மூக்கு மட்டும் பளபளக்கிறது. வயதுக்கு வரும் பருவத்தில் ஹார்மோன் தூண்டுவதால் சுரப்பு கூடும். இது அழுக்கும் இல்லை, நோயும் இல்லை. தோல் காய்ந்து வெடிக்காமல் காக்கிற ஏற்பாடுதான். சில பேருக்கு அது தாராளமாக அமைந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

நம் பாட்டிமார்களுக்கு இதற்கு வழி தெரியும். பயத்தமாவு, கடலைமாவு. மாவு எண்ணெயை இழுத்துக்கொள்ளும், தண்ணீர் விட்டால் இரண்டும் சேர்ந்து போய்விடும். முகத்தில் எதுவும் தங்காது என்பதைக் கவனியுங்கள். தங்கவேண்டும் என்று ஆசைப்பட்ட இடத்தில்தான் தொல்லை ஆரம்பித்தது.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் முகத்தில் தங்கவைத்த பொருள் ஈயவெள்ளை. ஈயத்தைக் காடியில் வைத்துப் புளிக்கச் செய்து எடுக்கிற வெள்ளைப் பொடி. நன்றாக ஒட்டும், நன்றாக மறைக்கும், மெல்லக் கொல்லும். இங்கிலாந்தில் அழகுக்குப் பெயர்போன கோவென்ட்ரி சீமாட்டி மரியா கன்னிங் 1760இல் இறந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பூசிய வெள்ளைதான் உயிரைக் குடித்தது என்று ஊர் பேசியது. ஜப்பானிலும் இதே ஈயவெள்ளைதான். 1887இல் மெய்ஜி பேரரசர் முன்னிலையில் கபுக்கி நாடகம் நடந்தபோது, நகமுரா ஃபுகுசுகே என்ற புகழ்பெற்ற நடிகருக்கு மேடையிலேயே கால் நடுங்கியது. நாள்தோறும் பூசிய ஈயம் உடம்பில் ஏறியிருந்தது. அதற்குப் பிறகும் ஈயப் பவுடர் கடைகளை விட்டுப் போக 1930கள் ஆயின.

நாமும் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. கூத்துக்காரர் அரிதாரம் பூசினார் என்று இன்றும் சொல்கிறோம். அரிதாரம் என்பது ஆர்சனிக் கலந்த மஞ்சள் கனிமம். பொருள் மாறிப்போனாலும் சொல் நம்மிடம் நின்றுவிட்டது.

ஆனால் அதே ஜப்பான் இன்னொன்றையும் கண்டுபிடித்தது. எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கனஸவா என்ற ஊர் தங்க ரேக்குக்குப் பெயர்போனது. ஜப்பானின் தங்க ரேக்கு கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஊரில்தான் தயாராகிறது. தங்கத்தைத் தாள்களுக்கு நடுவில் வைத்து அடித்து அடித்து, ஊதினால் பறக்கும் அளவுக்கு மெல்லியதாக்குவார்கள். நடுவில் வைக்கும் தாள் சாதாரணத் தாள் இல்லை. வைக்கோல் சாம்பல் நீரிலும் வேறு சில சாறுகளிலும் ஊறவைத்துப் பதப்படுத்திய கைத்தாள். ஆயிரக்கணக்கான முறை அடிபட்டு அதன் இழைகள் நசுங்கி மென்மையாகிவிடும். ரேக்கு அடிக்க இனி உதவாது என்று ஒதுக்கிய தாளை முகத்தில் ஒற்றிப் பார்த்தார்கள். எண்ணெய் மட்டும் தாளுக்குப் போனது, பூச்சு அப்படியே இருந்தது! நாடக நடிகர்களும் கெய்ஷாக்களும் அதை வைத்துக்கொண்டார்கள். கியோத்தோவில் 1904இல் தொடங்கிய யோஜியா என்ற கடை இந்த எண்ணெய் ஒற்றும் தாளாலேயே நாடு முழுவதும் பெயர் பெற்றது. இன்று நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பிளாட்டிங் பேப்பருக்கு முன்னோடி அதுதான்.

தாளுக்கு நிறம் கிடையாது. கறுப்போ சிவப்போ, எந்த முகத்திலும் ஒரே வேலைதான் செய்யும். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததற்கு வாருங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு 'ஸ்னோ' ஞாபகம் இருக்கும். "ஸ்னோ போட்டு பவுடர் அடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்" என்று வீட்டுப் பெரியவர்கள் கிண்டல் செய்வார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? லண்டனின் பர்ரோஸ் வெல்கம் மருந்துக் கம்பெனி 1892இல் ஹேசலின் ஸ்னோ என்ற பெயரில் ஒரு கிரீமை விற்றது. அதுவரை முகத்துக்கு என்று இருந்தது கோல்ட் கிரீம். தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், ரோஜாநீர் கலந்த கலவை. அதை கி.பி. 2ஆம் நூற்றாண்டு மருத்துவர் காலனின் கணக்கில் எழுதுவார்கள். காய்ந்த தோலுக்கு நல்லது. எண்ணெய் முகத்தில் பூசினால் எரிகிற விளக்கில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிய கதைதான்.

ஸ்னோவின் சூட்சுமம் வேறு. மெழுகுவர்த்தி செய்ய உதவும் ஸ்டியரிக் அமிலத்தை எடுத்து, கொஞ்சம் காரம் சேர்த்து, அதில் ஒரு பகுதியை மட்டும் சோப்பாக மாற்றி, தண்ணீரும் கிளிசரினும் கலந்தார்கள். பார்க்கப் பனிபோல வெள்ளையாக இருக்கும். தேய்த்தால் காணாமல் போகும். அதனால் ஆங்கிலத்தில் 'மறையும் கிரீம்' என்றே அதற்குப் பெயர். தண்ணீர் ஆவியானதும் ஒரு மெல்லிய, பிசுக்கில்லாத படலம் மட்டும் மிஞ்சும். அதன் மேல் பவுடர் பிடித்து நிற்கும். அமெரிக்காவின் பாண்ட்ஸ் கம்பெனி இதையே பாடமாக்கி, இரவுக்குக் கோல்ட் கிரீம், பகலுக்கு மறையும் கிரீம் என்று விளம்பரம் செய்தது. இந்தியாவில் 1919இல் பம்பாயில் இ.எஸ்.பட்டன்வாலா ஆப்கான் ஸ்னோவைக் கொண்டுவந்தார். டாட்டா எண்ணெய் ஆலையிலிருந்து லாக்மே பிறந்தது அதற்கும் வெகு பின்னால், 1952இல்.

ஆக, எண்ணெய் முகத்துக்கு மேக்கப் போடும் இன்றைய முறை அன்றே வந்துவிட்டது: அடியில் பிசுக்கில்லாத ஒரு படலம், மேலே எண்ணெயை உறிஞ்சும் பொடி. இப்போது பிரைமர் என்கிறார்கள், செட்டிங் பவுடர் என்கிறார்கள். சரக்கு மேம்பட்டிருக்கிறது, வரிசை மாறவில்லை.

அடுத்த திருப்பம் சினிமாவால் வந்தது. மேக்ஸ் ஃபேக்டர் என்பவர் போலந்தில் பிறந்த யூதர். 1904இல் அமெரிக்காவுக்குக் குடியேறி, பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸில் கடை போட்டு, சினிமாக்காரர்களுக்கு மேக்கப் செய்து கொடுத்தவர். அந்தக் காலத்து நாடகப் பூச்சு கொழுப்பில் குழைத்தது, குச்சி வடிவில் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்தில் எப்படியோ ஒப்பேற்றினார்கள். டெக்னிகலர் வந்ததும் குட்டு வெளிப்பட்டது. கலர் படத்துக்கு மிக அதிக வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் என்றால் வெப்பம். கொழுப்புப் பூச்சும் வியர்வையும் முகத்து எண்ணெயும் சேர்ந்து முகம் கண்ணாடிபோலப் பளபளத்தது. பக்கத்தில் சிவப்புப் புடவை இருந்தால் கன்னத்தில் சிவப்பு தெரியும், பச்சைத் திரை இருந்தால் பச்சை தெரியும்! (புடவை என்று நம் வசதிக்குச் சொன்னேன். அங்கே கவுன்.)

ஃபேக்டரும் அவர் மகன் ஃபிராங்கும் சேர்ந்து இதற்கு ஒரு மாற்று கண்டார்கள். டால்க் என்ற மாக்கல் பொடியை அடிப்படையாக வைத்து, நிறமி சேர்த்து, வட்டமான கட்டியாக அழுத்தினார்கள். ஈரப் பஞ்சால் தொட்டு முகத்தில் மெல்லியதாகப் பூசவேண்டும். தண்ணீர் காய்ந்ததும் பளபளப்பே இல்லாத ஒரு படலம் நிற்கும். வட்டக் கட்டியாக இருந்ததால் பான்கேக் என்று பெயர். 1937இல் வந்த 'வோக்ஸ் ஆஃப் 1938' படத்தில் முதலில் பயன்பட்டது. படப்பிடிப்பு முடிந்ததும் நடிகைகள் கட்டிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்களாம். 1938இல் கடைக்கு வந்தது. அதே ஆண்டு மேக்ஸ் ஃபேக்டர் காலமானார்.

பான்கேக் சென்னைக்கும் வந்தது. ஜெமினி ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன் தன் நினைவுகளை ஆங்கிலத்தில் எழுதியபோது இந்தப் பொருளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ஜெமினி அதை லாரி லாரியாக வாங்கியது என்கிறார். மேக்கப் அறையின் விளக்குச் சூட்டையும், பார்க்க லட்சணமாக இருந்த ஆட்கள்கூட அந்தப் பூச்சில் சிவந்து விகாரமாகிப் போனதையும் அவர் வர்ணித்திருப்பதைப் படித்தால் சிரிப்பு வரும். சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் அந்தப் பகுதி பாடமாக வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள்.

சிரித்துவிட்டு யோசித்தால், ஏன் விகாரமானார்கள்? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். பஜ்ஜி மடித்துக் கொடுத்த வெள்ளைத் தாளைப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடம் வெளிச்சம் ஊடுருவும்படி ஆகிவிடுகிறது. தாளின் இழைகளுக்கு இடையில் இருந்த காற்றின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டது. காற்றின் ஒளிவிலகல் எண் 1. எண்ணெய்க்கு ஏறத்தாழ 1.5. தாளின் இழைக்கும் கிட்டத்தட்ட அதுவே. வித்தியாசம் போய்விட்டதால் ஒளி சிதறுவதில்லை, வெள்ளை மறைந்துவிடுகிறது.

முகத்துப் பவுடரிலும் இதேதான் நடக்கிறது. டால்க்கின் ஒளிவிலகல் எண் 1.6க்குச் சற்றுக் குறைவு. உலர்ந்திருக்கும்போது வெள்ளையாகத் தெரியும். எண்ணெய் ஊறியதும் கண்ணாடிபோல ஆகி, அடியில் இருக்கும் நிறமும் பூச்சின் நிறமியும் அடர்ந்து தெரியும். காலையில் சரியாக இருந்த பூச்சு மதியம் கறுத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அப்படி ஆகாமல் இருக்க டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளையைக் கலக்கிறார்கள். அதன் எண் 2.5க்கு மேல். எவ்வளவு எண்ணெய் ஊறினாலும் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். வெளுத்த தோலுக்கு அது வரம். கறுத்த தோலில் அதே வெள்ளை சாம்பல் பூத்ததுபோல மிதக்கும். பள்ளி ஆண்டு விழாக்களில் மேக்கப்காரர் ஒரே டப்பாவிலிருந்து அத்தனை பிள்ளைகளுக்கும் ரோஸ் பவுடர் அடித்து, முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறமாக மேடையில் நிறுத்துவதை எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் முகத்தில் குறை ஒன்றும் இல்லை. டப்பாதான் வேறு யாருக்காகவோ செய்தது.

இதை முதலில் தொழிலாகவே மாற்றிக் காட்டியவர்களில் ஒருவர் ஆந்தனி ஓவர்டன். அமெரிக்காவில் அடிமை முறை முடிகிற தறுவாயில், லூசியானாவில், அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். 1898இல் கான்சஸ் சிட்டியில் பேக்கிங் பவுடர் கம்பெனி ஆரம்பித்தார். அப்பம் உப்பவைக்கும் பவுடரிலிருந்து முகத்துப் பவுடருக்கு வந்தார்! 'ஹை பிரவுன்' என்று பெயர். கறுப்பின மக்களுக்கு அன்று கடைகளில் கிடைத்தது பெரும்பாலும் வெளுக்கவைக்கிறேன் என்று சொன்ன சரக்கு. ஓவர்டன் பழுப்புக்குப் பழுப்பாகவே பவுடர் செய்து, டப்பாவில் பழுப்பு நிறப் பெண்ணின் படத்தையே போட்டு விற்றார். 1911இல் கம்பெனியைச் சிகாகோவுக்கு மாற்றினார். பிறகு வங்கி, பத்திரிகை என்று வளர்ந்தார். வீடு வீடாகப் போய் விற்ற பெண்களுக்கும் அதில் பிழைப்பு கிடைத்தது. நம் பாடப்புத்தகங்களில் ராக்ஃபெல்லர் இருக்கிறார், ஃபோர்டு இருக்கிறார். இவரைப் பற்றி ஒரு வரி இல்லையே என்று எனக்கு வருத்தம் உண்டு.

ஹாலிவுட்டோ இன்னும் படிக்கவில்லை. 1942இல் எம்.ஜி.எம். நிறுவனம் லீனா ஹார்ன் என்ற கறுப்பினப் பாடகியை ஒப்பந்தம் செய்தது. கேமரா முன் அவர் போதிய அளவு கறுப்பாகத் தெரியவில்லை என்று ஸ்டுடியோ கவலைப்பட்டது! மேக்ஸ் ஃபேக்டர் கம்பெனி அவருக்கென்று 'லைட் ஈஜிப்ஷியன்' என்ற நிறத்தைத் தயார் செய்தது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அந்த நிறத்தைப் பூசி வெள்ளை நடிகைகளைக் கலப்பினப் பெண்களாக நடிக்கவைத்தார்கள். 1951இல் 'ஷோ போட்' படத்தில் ஹார்ன் ஆசைப்பட்ட வேடம் ஏவா கார்ட்னருக்குப் போயிற்று. வேடம் இல்லை, பூச்சு மட்டும் அவர் பெயரில் மிஞ்சியது.

கடைசியாக ஒருவர். யூனிஸ் ஜான்சன். கறுப்பின மக்களுக்காக 'எபனி' பத்திரிகை நடத்திய குடும்பம். 1958இலிருந்து ஊர் ஊராக எபனி ஃபேஷன் ஃபேர் என்ற உடை அலங்காரக் காட்சி நடத்தினார். மேடைக்குப் பின்னால் மாடல் பெண்கள் இரண்டு மூன்று புட்டிகளைக் கலந்து கலந்து தங்கள் நிறத்துக்குப் பூச்சு செய்துகொள்வதைப் பார்த்தார். பெரிய கம்பெனிகளிடம் பேசிப் பார்த்தார்கள், அசைந்து கொடுக்கவில்லை. சரி என்று 1973இல் தாங்களே ஃபேஷன் ஃபேர் காஸ்மெடிக்ஸ் ஆரம்பித்துப் பெரிய கடைகளின் உள்ளேயே கவுண்டர் போட்டார்கள். அது ஓடுவதைக் கண்ட பிறகு மற்ற கம்பெனிகளும் கறுத்த நிறங்களில் பூச்சு கொண்டுவந்தன. 2019இல் ஜான்சன் பதிப்பகம் திவாலானது, பெயரை வேறு பெண்கள் வாங்கி 2021இல் மறுபடி கடைக்குக் கொண்டுவந்தார்கள்.

இப்போது டப்பாக்களில் 'நான் காமெடோஜெனிக்' என்று ஒரு சொல் போடுகிறார்கள். துவாரம் அடைக்காது, பரு வராது என்று அர்த்தம். அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1972இல் மில்ஸ் என்பவருடன் சேர்ந்து, மேக்கப்பால் வரும் பருவைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தப் பேச்சு பரவியது. முயல் காதில் பூசிப் பார்த்துத் துவாரம் அடைகிறதா என்று சோதித்தார்கள். முயல் காது மனித முகம் இல்லை. அந்தச் சொல்லுக்குச் சட்டம் வகுத்த அளவுகோலும் அமெரிக்காவில் கிடையாது. ஆகவே அது உதவும் குறிப்பு, உத்தரவாதம் இல்லை. இதே கிளிக்மன்தான் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1950களிலிருந்து 1974 வரை கைதிகளின் தோலில் சோதனைகள் நடத்தியவர். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2022இல்தான் அந்த நகரம் மன்னிப்புக் கேட்டது. தோலைப் பற்றி நாம் அறிந்ததில் எவ்வளவு யார் தோலில் அறிந்தது என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

சரி, வாங்குவதற்கு வருவோம். கேட்டது அதைத்தானே.

ஃபவுண்டேஷன் எண்ணெய் இல்லாததாக, தண்ணீர் அல்லது சிலிக்கோன் அடிப்படையில் இருக்கட்டும். நிறத்தைப் புறங்கையில் பார்க்காதீர்கள். தாடை ஓரத்தில், கழுத்தைத் தொட்டாற்போல ஒரு கோடு போடுங்கள். கடை விளக்கில் முடிவு செய்யாமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அப்போதும் வாங்காதீர்கள்! அரைமணி நேரம் கடைவீதியில் சுற்றிவிட்டு வாருங்கள். எண்ணெய் ஊறிய பிறகு என்ன நிறமோ, அதுதான் அந்தப் பூச்சின் உண்மையான நிறம். விற்கிற பெண் ஒரு படி வெளுத்ததை எடுத்துக் கொடுப்பாள். அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். வேண்டியதைக் கேட்டு வாங்குங்கள்.

பவுடரில் நிறமே இல்லாத சிலிக்கா பொடி கிடைக்கிறது. கறுத்த முகத்துக்கு அது வசதி, ஆனால் அளவு மிஞ்சினால் அதுவும் வெளுத்துத் தெரியும், ஃபிளாஷ் போட்டோவில் இன்னும் மோசம். டால்க் பற்றிப் பலருக்குப் பயம் இருக்கிறது. பூமியில் அதன் பக்கத்திலேயே ஆஸ்பெஸ்டாஸ் கிடைக்கும் என்பதால் வந்த வழக்குகளுக்குப் பின், ஜான்சன் அண்ட் ஜான்சன் 2023இல் உலகெங்கும் டால்க் குழந்தைப் பவுடரை நிறுத்தி, சோளமாவுக்கு மாறிவிட்டது. தன் சரக்கில் கேடு இல்லை என்றுதான் அந்தக் கம்பெனி சொல்கிறது. பயம் உள்ளவர்கள் டால்க் இல்லாததைப் பார்த்து வாங்கலாம்.

போடும்போது முகத்தைக் கழுவி, எண்ணெய் இல்லாத ஈரப்பூச்சு கொஞ்சம் தடவி, அது காயும் வரை பொறுங்கள். எண்ணெய் வழிகிறதே என்று அதை விட்டுவிட்டால் தோல் இழுத்துக்கொண்டு பூச்சு திட்டுத் திட்டாக நிற்கும். ஃபவுண்டேஷனை ஈரப் பஞ்சால் மெல்லியதாக ஒற்றுங்கள். பவுடர் நெற்றி, மூக்கு, தாடைக்கு மட்டும் போதும். பஃப்பால் அழுத்தவேண்டும், தேய்க்கக் கூடாது. மதியம் பளபளத்தால் மேலே மேலே பவுடர் அடிக்காதீர்கள், எண்ணெயும் பொடியும் சேர்ந்து களிம்பாகிவிடும். கனஸவாக்காரர்கள் செய்ததுபோல முதலில் தாளால் ஒற்றி எடுங்கள். ஒற்றும் தாள் கையில் இல்லையென்றால் டிஷ்யூ பேப்பரை ஓர் அடுக்காகப் பிரித்து மூக்கின் மேல் வைத்து, பத்து எண்ணும் வரை அழுத்திப் பிடித்துவிட்டு எடுத்தால் போதும்.